மட்டக்களப்பு, அம்பாறைப் பயணத்தில் டம்ப்ளருக்குக் கல் தேடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

கல்லைத் தண்ணீரோடும் அரைக்கும் தூளோடும் பீப்பாயில் போட்டு உருட்டி மெருகேற்றும் இயந்திரம்தான் டம்ப்ளர். அதை வாங்கியவர்களுக்கு அடுத்த கவலை கல்தான். பெட்டியோடு வந்த கல் ஒரு சுற்றோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் கண் தரையைத்தான் பார்க்கும். இலங்கையின் கிழக்கே வருகிறவர்கள் "கடலும் இருக்கு, ஆறும் இருக்கு, கல்லுக்கா பஞ்சம்?" என்று நினைத்து வருவார்கள். கல்லடிக் கரையில் ஒரு பின்னேரம் முழுக்க நடந்துவிட்டு நாலு சிப்பியோடு திரும்புவார்கள்.

கல் இருக்கிறது. ஆனால் கரையிலே தேடுவது வீண். என்னைக் கேட்டால், கட்டிக்கொண்டிருக்கும் வீடுகளின் வாசலைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். அதற்கான காரணத்தை முதலில் பார்த்துவிடுவோம். அது விளங்கினால் எந்த ஊரில் இறங்கினாலும் எங்கே தேடுவது என்று நீங்களே கணித்துவிடலாம்.

நம் பக்கத்துப் பாறை எப்படிப்பட்டது

இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலம் மிகப் பழைய உருமாறிய பாறை. அதில் மட்டக்களப்பு, அம்பாறையின் பெரும்பகுதி விஜயன் தொகுதி என்று புவியியலாளர்கள் சொல்லும் பிரிவுக்குள் வரும். பெரும்பாலும் நைஸ் பாறை. வெள்ளையும் கறுப்புமாக வரிவரியாக இருக்கும். ஊரில் எல்லாவற்றையும் கருங்கல் என்று சொல்லிவிடுவோம்.

அந்தக் கருங்கல்லுக்குள் முக்கியமாக மூன்று சாமான் இருக்கிறது: குவார்ட்ஸ், பெல்ஸ்பார், பிறகு மைக்கா, ஹோர்ன்பிளெண்ட் மாதிரியான கறுப்புக் கனிமங்கள். மழையும் வெயிலும் பட்டுப் பட்டு பெல்ஸ்பார் களிமண்ணாகிப் போகும். மைக்கா தகடு தகடாக உதிரும். குவார்ட்ஸ் மட்டும் கரையாது, எளிதில் தேயாது, அப்படியே மிஞ்சும். பாறை வெடிப்புகளில் நரம்பு மாதிரி ஓடும் வெள்ளைக் குவார்ட்ஸும் உடைந்து ஆற்றில் இறங்கும். ஆக, கிழக்கில் உங்களுக்குக் கிடைக்கப்போவது குவார்ட்ஸ்தான். பால் வெள்ளை, புகை நிறம், தேன் நிறம், எப்போதாவது மெல்லிய ரோஸ். அகேட், ஜாஸ்பர் என்று படத்தில் பார்த்த வண்ணக்கற்களைத் தேடி வராதீர்கள். அகேட் அதிகமாக விளைவது பழைய எரிமலைக் குழம்புப் பாறைகளில். நம் நிலம் அந்த வகையில்லை.

அடுத்தது ஆற்றின் வேலை. மலையிலிருந்து இறங்கும் ஆறு பெரிய கல்லை மேலேயே விட்டுவிடும், சரளையை நடுவில் போடும், மணலை மட்டும் கரைக்குக் கொண்டுவரும். மட்டக்களப்பில் ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே வாவி வேறு கிடக்கிறது. கனமானது எதுவும் அதைத் தாண்டி வராது. அதனால்தான் வாகரையிலிருந்து திருக்கோவில் வரைக்கும் பெரும்பாலும் மணற்கரை. கல் வேண்டுமென்றால் மேற்கே, கரையை விட்டு உள்நிலப் பக்கம் போகவேண்டும். அல்லது அந்தப் பக்கத்துக் கல் லொறியில் ஏறி எங்கே வருகிறதோ அங்கே போகவேண்டும்.

எந்தக் கல் சரி, எது சரிவராது

டம்ப்ளரில் ஒரு கல் பளபளப்பு எடுக்கவேண்டுமென்றால் அது கடினமாக, நெருக்கமான மணிகளோடு, வெடிப்பில்லாமல் இருக்கவேண்டும். கடினத்தை 1 முதல் 10 வரை போகும் மோஸ் அளவில் சொல்வார்கள். நகம் 2.5, செம்புக் கம்பி 3 சொச்சம், சாதாரணக் கத்தியும் ஜன்னல் கண்ணாடியும் ஏறக்குறைய 5.5, குவார்ட்ஸ் 7. உங்கள் எல்லைக்கோடு கத்திதான். கத்தியால் கீறுப்படாத கல்லை எடுங்கள், கீறுப்பட்டால் விடுங்கள்.

பெல்ஸ்பார் 6. கத்திக்குத் தப்பிவிடும், ஆனால் தளம் தளமாகப் பிளக்கும் குணம் அதற்கு உண்டு. வெயிலில் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். ஒரு கோணத்தில் மட்டும் ஒரு பக்கம் முழுவதும் கண்ணாடித் துண்டுபோல் பளிச்சென்று மின்னி மறைந்தால் அது பெல்ஸ்பார். குவார்ட்ஸ் அப்படி மின்னாது. உடைந்த இடம் வளைந்து, ஈரமான கண்ணாடி மாதிரி இருக்கும். பெல்ஸ்பாரைக் கொண்டுபோகக் கூடாது என்றில்லை. தனியாக ஓட்டவேண்டும், அவ்வளவுதான்.

வரிவரி நைஸ் பார்க்க அழகு. அதிலும் சிவப்புப் புள்ளியாகக் கானட் இருந்தால் விடவே மனம் வராது. ஆனால் அதில் ஒவ்வொரு கனிமமும் ஒவ்வொரு வேகத்தில் தேயும். மைக்கா இருந்த இடம் பள்ளமாகும், கானட் மேடாக நிற்கும் அல்லது கழன்று விழும். மணி மிக நுண்ணியதாக, மைக்கா கண்ணுக்கே தெரியாததாக இருந்தால் ஒன்றிரண்டு முயன்று பார்க்கலாம். மற்றதைப் பூச்சாடிக்கு வையுங்கள்.

செம்பூரான்கல், பாறைமேல் உரிந்து வரும் பொருக்கு, கரையில் மணல் ஒட்டி இறுகிய கல் எல்லாம் டம்ப்ளருக்குள் சேறாகிப் போகும். கூடக் கிடக்கும் நல்ல கல்லையும் கெடுக்கும்.

தேடும் இடம் 1: அரிதட்டுக்குக் கீழே விழாதது

வீடு கட்டுகிற இடங்களில் ஆற்று மணலை ட்ரக்டரிலோ டிப்பரிலோ கொண்டுவந்து வாசலில் கொட்டுவார்கள். பூச்சு வேலைக்கு முன் அதை அரிதட்டில் அரிப்பார்கள். மணல் கீழே விழும். கல் மேலே நிற்கும், அதைப் பக்கத்தில் ஒதுக்கிவிடுவார்கள். அந்தச் சிறு குவியல்தான் உங்களுக்கு வேண்டியது.

யோசித்துப் பாருங்கள், உங்கள் வேலையில் பாதியை ஆறும் மேசனும் செய்து முடித்துவிட்டார்கள். மென்மையான கல்லை ஆறு நொறுக்கிவிட்டது, மண்ணை அரிதட்டு பிரித்துவிட்டது. மிஞ்சியதில் பெரும்பங்கு குவார்ட்ஸ். இடையில் செங்கல் துண்டு, மட்டிச் சிப்பி, உறைந்த களிமண் கட்டி, சில நேரம் சீமெந்துத் துண்டு. அவற்றைப் பொறுக்கித் தள்ளவேண்டும். சீமெந்துத் துண்டில் மட்டும் கவனம்: காய்ந்து உருண்டதைப் பார்த்தால் சாம்பல் நிறக் கல் என்றே தோன்றும்.

அளவு சிறியதாக இருக்கும், உண்மைதான். முக்கால்வாசி ஒரு சென்ரிமீட்டருக்கும் குறைவு. ஆனால் டம்ப்ளருக்குச் சிறு கல்லும் வேண்டும். பெரிய கற்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியை நிரப்பி அரைதூளை எல்லாப் பக்கமும் கொண்டுபோவது அதுதான். கடையில் இதற்கென்றே செராமிக் உருளைகள் விற்கிறார்கள். இங்கே அந்த வேலைக்கு ஆற்றுக் குவார்ட்ஸ் சும்மா கிடக்கிறது. அதற்குள்ளே கையால் துழாவினால் இரண்டு மூன்று சென்ரிமீட்டரில் நல்லதும் வரும்.

கேட்டுத்தான் எடுக்கவேண்டும். வீட்டுக்காரர் இல்லாவிட்டால் மேசனிடம். வயதான மேசனென்றால் பெரும்பாலும் சிரிப்பார். "இதக் கொண்டு போய் என்ன மனே செய்யப் போறீங்க? நாங்க ரோட்டுக் குழிக்குத்தான் போடுற. அள்ளிட்டுப் போங்க." மணல் எங்கேயிருந்து வந்தது என்று அப்போதே கேட்டுவிடுங்கள். லொறிக்காரருக்கும் மேசனுக்கும் அது துல்லியமாகத் தெரியும். ஒரே தெருவில் இரண்டு வீட்டில் இரண்டு ஆற்று மணல் இருக்கலாம். எந்த ஆற்று மணலில் உங்களுக்குப் பிடித்த நிறம் வருகிறது என்று தெரிந்துவிட்டால், பிறகு அந்த ஆற்றை நோக்கிப் போகலாம்.

கருங்கல் சல்லி வேறு கதை. அது மலையுடைத்துச் சில்லாக்கியது. விளிம்பு கூர், உள்ளே அடிபட்ட வெடிப்பு. பாதிக் கல் டம்ப்ளருக்குள்ளேயே பிளந்துவிடும்.

தேடும் இடம் 2: ஆறுகள்

காலம் முக்கியம். நவம்பரிலிருந்து சனவரி, சில வருடம் பெப்ரவரி வரைக்கும் வடகீழ்ப் பருவமழை. அப்போது ஆற்றுப் பக்கம் போகவேண்டாம். மழை விட்டு வெள்ளம் வடிந்த பிறகு, மார்ச் அளவில், புதிதாகப் புரட்டிப் போட்ட சரளை வெளியே தெரியும். ஓகஸ்ட், செப்டெம்பரில் தண்ணீர் மிகக் குறையும். நடக்க வசதி, ஆனால் கல்மேல் பாசி காய்ந்து எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும். எனக்கு மார்ச்தான் பிடிக்கும்.

பதுளையிலிருந்து பிபிலை, மகா ஓயா வழியாகச் செங்கலடிக்கு இறங்கும் ஏ5 வீதியில் வந்தால் கல் எப்படிச் சிறிதாகிக்கொண்டே போகிறது என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மலைப்பக்கத்தில் ஓடையெல்லாம் உருண்டைப் பாறை. மகா ஓயாவை அண்டிய பகுதியில் கைக்குள் அடங்கும் கல். செங்கலடிக்கு வரும்போது மணல். வெந்நீர் ஊற்றுக்கு நிறுத்துகிறவர்கள் மகா ஓயாவிலேயே ஒரு மணித்தியாலம் ஒதுக்கினால் போதும். ஊற்றுக் கிணறுகளைச் சுற்றித் தோண்டவேண்டாம், பக்கத்து ஓடைகளைப் பாருங்கள்.

மொனராகலையிலிருந்து பொத்துவிலுக்கு வரும் ஏ4 வீதியில் வருகிறவர்களுக்கு சியம்பலாண்டுவைப் பக்கத்து ஓடைகள் இருக்கின்றன. அங்கிருந்து லகுகலை வரைக்கும் யானை நடமாடும் இடம். காலை நன்றாக வெளுத்த பிறகு இறங்கி, நாலு மணிக்கு முன் ஏறிவிடுங்கள். பாலத்தடியைவிட்டு அதிகம் விலகவேண்டிய தேவையும் இல்லை. பாலத்துக்குக் கீழ்ப்பக்கம், ஆறு வளையும் இடத்தின் உள்வளைவில்தான் சரளை சேரும். வெளிவளைவில் ஆறு கரையை அரிக்கும், ஆழமாக இருக்கும், முதலையும் கிடக்கலாம்.

பட்டிப்பளை ஆற்றைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கினியாகலையில் அணை கட்டிச் சேனநாயக்க சமுத்திரம் ஆனதிலிருந்து மலையிலிருந்து வரும் கல்லெல்லாம் குளத்துக்குள்ளேயே படிந்துவிடுகிறது. அணைக்குக் கீழே புதிய சரளை அதிகம் வருவதில்லை. எந்த ஆற்றுக்கும் இதே கணக்குத்தான்: மேலே பெரிய குளம் இருந்தால், குளத்துக்குக் கீழே சேரும் கிளை ஓடைகளைத் தேடுங்கள்.

மணல் அள்ளும் துறைகளுக்குள் சொல்லாமல் போகாதீர்கள். அனுமதிப்பத்திரத்தோடு அள்ளுகிறவர்களும் இருக்கிறார்கள், இல்லாமல் அள்ளுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டாவது வகையினர் கெமராவோடு வரும் புது ஆளை விரும்பமாட்டார்கள். தோண்டிய குழி தண்ணீருக்குள் மறைந்து கிடக்கும் என்பதும் உண்டு.

தேடும் இடம் 3: கரை

பாசிக்குடா, கல்குடாவில் வெள்ளையாக உருண்டு கிடப்பது பெரும்பாலும் முருகைக்கல் துண்டு. கடினம் 3.5 அளவில்தான் இருக்கும். டம்ப்ளருக்கும் ஆகாது, எடுக்கவும் கூடாது. முருகைக்கல் சட்டப்பாதுகாப்புள்ளது. கல் முருகைகள் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலும் இருப்பதால் விமான நிலையத்தில் மாட்டினால் விளக்கம் சொல்லிமுடியாது.

திருக்கோவில் பக்கம் மணலில் கறுப்புக் கோடு ஓடுவதைப் பார்ப்பீர்கள். இல்மனைட் போன்ற பாரக் கனிமங்களை அலை தரம்பிரித்து ஒதுக்கியது. பார்க்க ஆசையாக இருக்கும், கல்லுக்கு அதனால் பிரயோசனம் இல்லை.

பொத்துவிலுக்குத் தெற்கேதான் பாறை கடலுக்குள் இறங்குகிறது. அறுகம்பை முனை, யானைப்பாறை, பாணமைக்கு அப்பால் உகந்தை. பாறைக்கால்களுக்கு இடையில் அலை உருட்டிய கல் கொஞ்சம் சேரும். பெரும்பாலும் நைஸ், நடுவில் குவார்ட்ஸ் நரம்பிலிருந்து கழன்ற வெள்ளைக்கல். முனையைச் சுற்றிக் கடல் இழுப்பு உண்டு, வற்று நேரத்தில் போய் கடலைப் பார்த்தபடியே குனியுங்கள். உகந்தை முருகன் கோவில் மலையிலிருந்து, சுனைகளைச் சுற்றி, ஒரு கல்லும் எடுக்கவேண்டாம். கதிர்காமத்துக்குக் காட்டு வழி திறக்கும்போது பாதயாத்திரை போகிறவர்களுக்கும் இதுதான். உகந்தையைத் தாண்டியதும் குமண தேசிய பூங்கா தொடங்கிவிடும்.

கல்லடி, நாவலடிக் கரையில் வட்டமாகத் தேய்ந்த செங்கல், தரைஓட்டுத் துண்டு கண்ணில் படலாம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்தக் கரையோரம் வீடுகள் அள்ளுண்டு போன இடம். அதை நான் எடுப்பதில்லை. தேய்ந்த போத்தல் கண்ணாடி என்றால் எடுக்கலாம். கடினம் 5.5 சுமார், கண்ணாடியை மட்டும் தனியாக ஓட்டினால் அழகாக வரும்.

கையில் எடுத்ததும் செய்யவேண்டியது

ஒரு போத்தல் தண்ணீர், சின்னக் கத்தி, ஒரு தேசிக்காய், போனில் டோர்ச். இவ்வளவும் போதும்.

முதலில் நனையுங்கள். நனைந்த கல் காட்டும் நிறம்தான் மெருகேறிய பிறகு வரப்போகும் நிறம். காய்ந்தபோது தூசி நிறமாக இருந்தது நனைந்ததும் தேன் நிறமாகும். காய்ந்தபோது அழகாக இருந்தது சில நேரம் நனைந்ததும் சப்பென்று போகும். நனைத்துவிட்டு விரலால் துடைத்து, மேற்பரப்பு காய்வதைப் பாருங்கள். எல்லா இடமும் காய்ந்த பிறகும் மயிரிழை மாதிரி ஒரு கோடு மட்டும் ஈரமாகக் கறுத்து நிற்குமென்றால் அங்கே வெடிப்பு இருக்கிறது, தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. அந்தக் கோடு கல்லைச் சுற்றிப் பாதிக்குமேல் ஓடினால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

அடுத்தது டோர்ச். கல்லைக் கையால் மறைத்து, வெளிச்சத்தைக் கீழிருந்து அழுத்திப் பிடியுங்கள். நல்ல குவார்ட்ஸ் உள்ளே முழுவதும் ஒரே சீராக ஒளிரும். உள்ளே வெள்ளித் தகடு மாதிரி, கண்ணாடி நொறுங்கிய மாதிரி தெரிந்தால் அது உள்வெடிப்பு. ஓரளவு இருந்தால் பரவாயில்லை, அது மின்னும் அழகுக்காகவே எடுக்கிறவர்களும் உண்டு. தளமாக ஊடறுத்துப் போனால் வேண்டாம். மஞ்சள் நிறம் வெடிப்புகளில் மட்டும் கோடாகத் தெரிந்தால் அது இரும்புக் கறை. கல் முழுவதும் பரவியிருந்தால்தான் நிலைக்கும்.

கத்தியால் அழுத்திக் கீறுங்கள். வெள்ளிக்கோடு விழுந்தால் உடனே கல்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். விரலை நனைத்துத் தேயுங்கள். அழிந்துவிட்டால் அது கத்தியின் இரும்பு கல்லில் ஒட்டியது, கல் வென்றது. நகத்துக்குப் பள்ளம் தட்டுப்பட்டால் கல் தோற்றது. கீறுப்பட்ட வெள்ளைக் கல்லின் கீறலில் தேசிக்காய்ச் சாறு ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு வகை.

ஆற்றுக் குவார்ட்ஸின் மேற்பரப்பைக் கொஞ்சம் கிட்ட வைத்துப் பார்த்தால் சின்னச் சின்னப் பிறை வடிவக் கீறல்கள் தெரியும். வெள்ளத்தில் கல்லோடு கல் மோதிய தடம். இது குறையில்லை. ஆனால் "ஆறே உருட்டிவிட்டதே" என்று முதல் கரட்டுத்தூள் கட்டத்தைத் தவிர்க்கிறவர்களுக்கு இந்தப் பிறைகள்தான் கடைசியில் மங்கலாக நிற்கும்.

கல்லை உடைத்துப் பார்க்க ஆசை வந்தால் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டு, கல்லைத் துணியில் சுற்றி, நனைத்து உடையுங்கள். குவார்ட்ஸ் தூசி நுரையீரலுக்குக் கெடுதி.

எடுக்கக்கூடாத இடங்கள்

குமண, லகுகலை, கல்லோயா, மாதுறு ஓயா ஆகிய நான்கும் தேசிய பூங்காக்கள். உள்ளிருந்து கூழாங்கல்கூட எடுக்கவேண்டாம். ராஜகல, தீகவாபி, பொத்துவில் முகுது மகா விகாரை போன்ற தொல்பொருள் இடங்களும் அப்படியே. குகைக்குக் கீழே கிடக்கும் குவார்ட்ஸ் சில்லு சும்மா சில்லாக இல்லாமலும் இருக்கலாம். வரலாற்றுக்கு முந்திய மனிதர் இந்த நாட்டில் குவார்ட்ஸில்தான் சிறு கருவிகள் செய்தார்கள்.

மாணிக்கக்கல் தேடி ஆற்றில் குழி தோண்டுவது, அரிப்பது எல்லாம் தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் குற்றம். நீங்கள் பொறுக்குவது மேலே கிடக்கும் கூழாங்கல்லாக, ஒரு கையளவாக இருக்கட்டும். மண்வெட்டி, அரிதட்டோடு ஆற்றில் நின்றால் யாரும் பொழுதுபோக்கு என்று நம்பமாட்டார்கள். வெளிநாட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் கனிம ஏற்றுமதி பற்றிப் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. கல்லில் மண் ஒட்டியிருக்கவும் கூடாது. பல நாட்டுச் சுங்கம் மண்ணைத்தான் பிடிக்கும்.

எவ்வளவு, எப்படிக் கொண்டுபோவது

ஒன்றரைக் கிலோ அளவு டம்ப்ளர் என்றால் ஒரு தடவைக்கு ஒரு கிலோ கல்கூட முழுதாகப் போகாது. பெரியது மூன்று சென்ரிமீட்டர், பிறகு ஒன்றரை, மிச்சம் சுண்டுவிரல் நக அளவு. ஒவ்வொரு இடத்துக் கல்லையும் தனித்தனிச் சொப்பிங் பையில் போட்டு, ஊர்ப்பெயரைத் துண்டில் எழுதி உள்ளே வையுங்கள். பையின் வெளியே எழுதினால் பஸ்ஸில் உரசி அழிந்துவிடும். அன்றன்றைக்குத் தங்குமிடத்தில் கழுவி, இரண்டாவது தடவை பொறுக்குங்கள். அறைக் குழாயின் கீழே பார்க்கும்போது பாதிக்குமேல் தேவையில்லை என்று தெரியும். விமானப் பயணமென்றால் கைப்பையில் வைக்காமல் பெரிய பையில் போடுங்கள்.

வீட்டுக்குப் போனதும்

ஒரே கடினமுள்ளதை ஒன்றாக ஓட்டவேண்டும். குவார்ட்ஸோடு பெல்ஸ்பார் போட்டால் பெல்ஸ்பார் காயப்படும். பீப்பாயில் மூன்றில் இரண்டு பங்கிலிருந்து முக்கால் வரை கல். தண்ணீர் கல்லின் மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே. சிலிக்கன் காபைட் 60/90 தூளில் (எண் கூடக் கூடத் தூள் நுண்ணியது) ஒரு வாரம், குவார்ட்ஸ் என்றால் பெரும்பாலும் இரண்டு வாரம். பிறகு 120/220, அடுத்து 500, கடைசியில் அலுமினியம் ஒக்சைட் அல்லது சீரியம் ஒக்சைட் மெருகு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு வாரம். கட்டம் மாறும்போது கல்லையும் பீப்பாயையும் பிரஷ் போட்டுக் கழுவுங்கள். முதல் கட்டத்துத் தூளில் ஒரேயொரு துகள் மெருகுக் கட்டத்துக்குள் புகுந்தாலும் ஒரு மாத உழைப்பு கீறலாகிவிடும்.

வடியும் சேற்றைக் குழாய்க்குழிக்குள் ஊற்றாதீர்கள், சீமெந்து மாதிரி இறுகிவிடும். பழைய வாளியில் ஊற்றி, தெளிந்த தண்ணீரை மேலிருந்து வடித்து, அடிச்சேற்றை வெயிலில் காயவிட்டுக் கட்டியாக எடுத்துக் குப்பையில் போடுங்கள்.